வாசிகசாலைச் சுவரில் எந்தக் கதையை வரைவது?

குளக்கட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கும் முத்தையன்கட்டுக்கும் இடையில். மீளக் குடியமர்ந்த பிறகு கட்டிய வாசிகசாலை ஒன்று ரோட்டுக்கரையில் நிற்கிறது. அதன் ரோட்டுப் பக்கச் சுவர் 40 அடி நீளம், 8 அடி உயரம், யன்னல் ஒன்றுமில்லை. இத்தனை காலமும் தேர்தல் போஸ்டர், ரியூசன் விளம்பரம், மரண அறிவித்தல் எல்லாம் அதில்தான். இந்த முறை சனசமூக நிலையக் கூட்டத்தில், எங்கள் பக்கத்துக் கதைகளை அதில் வரைவோம் என்று முடிவெடுத்தோம். பெயின்ற் காசுக்கு வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பொறுப்பு. வரைவதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், போர்ட் எழுதுகிற தம்பி ஒருவரும் இருக்கிறார்கள்.

என்ன வரைவது என்பதில்தான் இழுபறி. விளையாட்டுக் கழகப் பெடியளுக்கு, வெள்ளைக்காரனோடு சண்டை பிடித்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன் வேண்டும். குதிரையில், வாளோடு, 40 அடிக்கும் அவர்தான். மாதர் சங்கத்துக்குக் கண்ணகை அம்மன். கமக்காரர் அமைப்புத் தலைவருக்குக் குளமும் வயலும். கடைசியில் ஒரு ஐயா எழும்பி, "திருவள்ளுவரைப் போட்டுவிடுங்கோ, ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்" என்றார். கூட்டம் சிரிப்போடு கலைந்தது, முடிவு மட்டும் இல்லை.

உங்கள் ஊர்களில் இப்படிச் செய்திருந்தால் சொல்லுங்கள். சுவர் மேற்குப் பார்த்தது. மாரிக்குக் கீழ்ப்பகுதி ஊறும்.

லண்டன்_வன்னியன்:
இதில் என்ன யோசனை? பண்டாரவன்னியன்தான். 1803 ஓகஸ்ட் 25, முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த நாள். வெள்ளைக்காரன் வள்ளம் ஏறி யாழ்ப்பாணத்துக்கு ஓடினான். உங்கள் ஊரிலிருந்து கற்சிலைமடு கூப்பிடு தூரம். நீங்களே அவரை வரையாவிட்டால் வேறு யார் வரைவது? கோட்டை எரிய, குதிரை முன்காலைத் தூக்க, பெரிதாகப் போடுங்கள்.

கற்சிலை_வாசகன்:
லண்டன் தம்பி சொல்வதில் திகதி சரி. ஆனால் வரையப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, சாவுக் காட்சி. ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் அவர் நெஞ்சில் குண்டு பட்டு விழுவதாக நாடகங்களில் பார்த்துப் பழகிவிட்டோம். அங்கே நடப்பட்டிருந்த கல்லில் இருந்தது, கப்டன் வொன் டிறிபேர்க் இவ்விடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பது மட்டும்தான். இறந்தான் என்று எதிரி எழுதிய கல்லே சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அவர் சில வருடம் உயிரோடு இருந்தார் என்று எழுதிய ஆய்வாளர்களும் உண்டு. ஆகவே விழுகிற படம் வேண்டாம். நிற்கிற படம் போடுங்கள்.

இரண்டாவது, காக்கை வன்னியன். பெடியள் கட்டாயம் அவனையும் கேட்பார்கள். காட்டிக்கொடுத்தவன் இல்லாமல் எங்கள் ஆட்களுக்குக் கதை ருசிக்காது. ஆனால் அதே காக்கை வன்னியன் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனையும் பறங்கிக்கு, அதாவது போர்த்துக்கேயருக்கு, காட்டிக்கொடுத்ததாகக் கதை இருக்கிறது. சங்கிலியன் பிடிபட்டது 1619இல். இரண்டுக்கும் நடுவில் நூற்றெண்பது வருடத்துக்கு மேல். மேடையில் ஒரு பாத்திரம் இந்த நாடகத்திலிருந்து அந்த நாடகத்துக்கு நடந்து போகலாம், அதில் குற்றமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் கடந்துபோகிற சுவரில் அதை வைத்தால் அதுதான் சரித்திரமாகும்.

லண்டன்_வன்னியன்:
அண்ணை, எல்லாவற்றையும் இப்படி நோண்டினால் வெறும் சுவர்தான் மிஞ்சும்.

கற்சிலை_வாசகன்:
வெறும் சுவரில் பொய் இல்லைத்தானே, தம்பி :)

பெயின்ற்_வேலை:
படத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் சுவரைப் பாருங்கள்.

மேற்குப் பார்த்தது, கீழே ஊறும் என்கிறீர்கள். சீமெந்துக் கல் சுவரில் ஈரம் நிலத்திலிருந்து ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். அது வெளியே வந்து வெள்ளையாகப் பூத்து, பெயின்றைத் தள்ளிவிடும். அதற்கு மேல் எந்தக் கம்பனிப் பெயின்ற் அடித்தாலும் நிற்காது. ஆகவே மழை ஓயும்வரை தொடாதீர்கள். மாசியில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, பூத்த உப்பைக் காய்ந்தபடியே கம்பிப் பிறஸ்ஸால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். பாசி கறுத்த இடத்துக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்து, கழுவிக் காயவிடுங்கள். வெடிப்புகளைப் புதிதாகப் பூசினால் 28 நாள் பொறுங்கள். பச்சைச் சீமெந்தின் காரம் நிறத்தைத் தின்றுவிடும்.

அப்புறம், போர்ட் எழுதுகிற தம்பி இனாமலில்தான் பழகியிருப்பார். தகரத்துக்கு அது சரி. ஊறுகிற சுவரில் இனாமல் அடித்தால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் கொப்பளித்து உரியும். காரம் தாங்குகிற பிறைமர் ஒரு கோட், அதன்மேல் வெளிச்சுவர் எமல்சன். 40க்கு 8 என்றால் 320 சதுர அடி. லீற்றருக்கு ஒரு கோட் 100 சதுர அடி என்று வையுங்கள். அடிநிறம் இரண்டு கோட்டுக்கு 7 லீற்றர் போதும். தடிப்பாக ஒரு தரம் அடிப்பதைவிட மெல்லிசாக இரண்டு தரம்.

நிறம்: காவிச் சிவப்பு, மஞ்சள் காவி, கறுப்பு, வெள்ளை இவை வெயிலுக்கு அசையாது. பிள்ளைகள் ஆசைப்படுகிற ரோஸ், ஊதா, பளீர் மஞ்சள் எல்லாம் மேற்கு வெயிலில் முதலில் போகும். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்கப் பெடியள் சுவர் சுவராக வரைந்தார்களே, ஞாபகமா? பாசி சுரண்டாமல், பிறைமர் இல்லாமல், கையில் கிடைத்த பெயின்றில் வரைந்தவை இரண்டு மாரி தாண்டவில்லை. அடித்தளம் பார்த்து வரைந்த சில இன்னும் நிற்கின்றன.

இன்னொன்று. கீழ் இரண்டடிக்குப் படம் போடாதீர்கள். ரோட்டு கிரவல்தானே? மழைக்குத் தெறிக்கும், ஆடு உரசும், சைக்கிள் சாத்துவார்கள். அந்த இரண்டடிக்குக் கிரவல் நிறத்திலேயே ஒரு பட்டை அடித்துவிடுங்கள். தெறித்தாலும் தெரியாது, பழுதானால் அதை மட்டும் திரும்ப அடிக்கலாம்.

குளக்கட்டான்:
பெயின்ற் அண்ணை, இதை அப்படியே எழுதி எடுத்துவிட்டேன். போர்ட் தம்பி இனாமல் வாங்கத்தான் லிஸ்ற் போட்டிருந்தார்.

முள்ளியவளை_மருமகள்:
மாதர் சங்கம் கண்ணகை அம்மனைக் கேட்டது நியாயம். ஆனால் எந்தக் கண்ணகை என்று கேளுங்கள். கையில் சிலம்போடு, தலைவிரிகோலமாகப் பாண்டியன் சபையில் நிற்கிற படத்தைத்தான் போர்ட் தம்பி வரைவார். கலண்டரில் இருப்பது அதுதானே. அது மதுரையில் நடந்தது. எங்கள் பக்கத்தில் நடந்தது வேறு.

மாமி சொன்னபடி எழுதுகிறேன். மதுரையை எரித்துவிட்டு அம்மா கடல் தாண்டி வருகிறா. நந்திக்கடல் கரையில் மாடு மேய்க்கிற பெடியளுக்கு ஒரு கிழவியாகத்தான் தெரிகிறா. "பசிக்குது மோனை" என்கிறா. பெடியள் பாலும் அரிசியும் போட்டுப் பொங்கிக் கொடுக்கிறார்கள். இருட்டிவிட்டது. விளக்கு வைக்க எண்ணெய் இல்லை. "அந்தக் கடற்தண்ணியை அள்ளி ஊத்திக் கொளுத்துங்கோ" என்கிறா. பெடியள் சிரித்தாலும் சொன்னதைச் செய்கிறார்கள், திரி பற்றி எரிகிறது. பிறகு கிழவி தலையைக் கொடுத்து, பேன் பாருங்கோ என்கிறா. ஒருவன் மயிரைப் பிரிக்கிறான், உள்ளே தலை முழுக்கக் கண். ஆயிரம் கண். அவன் கையை எடுக்கிற நேரத்துக்குள் கிழவியைக் காணோம்.

இன்றைக்கும் வற்றாப்பளை அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்கு முதல் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்தத் தண்ணீரில்தான் விளக்கு எரிக்கிறார்கள். நீங்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பீர்கள். அப்படியானால் சுவரில் வரவேண்டியது அந்தக் கிழவி. குந்தியிருக்கிற கிழவி, பின்னால் ஒரு பெடியன், பிரித்த மயிருக்குள் கண்கள். அந்தப் பெடியனுடைய முகம் எப்படி இருந்திருக்கும்? பிள்ளைகளிடம் விடுங்கள், நல்லாய் வரைவார்கள்.

சாமியார்_மடம்:
அம்மா, கதை நல்லது. ஆனால் சாமிப் படம் ரோட்டுச் சுவரில் வேண்டாம் என்பேன். பஸ்ஸுக்கு நிற்பவன் முதுகு சாய்ப்பான், வெற்றிலை துப்புவான். பிறகு ஒருவர் பூ வைப்பார், இன்னொருவர் உண்டியல் வைப்பார். வாசிகசாலை கோயிலாகிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு மதவடியில் அப்படித்தான் நடந்தது.

முள்ளியவளை_மருமகள்:
அதனால்தான் கிழவி என்கிறேன். மாடு மேய்க்கிற பெடியளே ஆள் யாரென்று அறியவில்லை. தெரிந்தவர்களுக்கு அம்மா, தெரியாதவர்களுக்குப் பேன் பார்க்கிற ஒரு ஆச்சி. ஆச்சிக்கு யாரும் உண்டியல் வைக்கமாட்டார்கள்.

லண்டன்_வன்னியன்:
ஒப்புக்கொள்ள மனமில்லை, ஆனால் அந்தக் கண் படம் நல்லாய் வரும்.

மாங்குளம்_சந்தி:
ஏன் எல்லாரும் அரியாத்தையை மறந்துவிட்டீர்கள்? வேலப்பணிக்கன் பெண்சாதி. ஆண்கள் கிட்டப் போகப் பயந்த யானையைப் பிடித்துக் கட்டினவள். அந்தக் கதையைக் கூத்தாகவே ஆடியிருக்கிறார்கள். பெரிய யானை, முன்னால் கயிறோடு ஒரு பெண். 40 அடியில் யானைக்கே 15 அடி போய்விடும், வரைகிறவர்களுக்கும் சுகம்!

ஒரு பகிடி: எங்கள் ஊரில் இதை வரைய வேண்டும் என்றபோது கமக்காரர் ஒருவர் சொன்னார், "ராத்திரி என்ர நெல்லை மிதிச்சுப்போட்டுப் போனதைப் பகலில சுவரில வேற பார்க்கோணுமோ?" என்று. யானை வேலிக்கு அலைந்து களைத்த மனிதர். பேச்சில் பிழையில்லை.

கற்சிலை_வாசகன்:
அரியாத்தை கதைக்கு முடிவும் உண்டு. யானையைக் கட்டிய பெருமை பொறுக்காமல் வெற்றிலையில் நஞ்சு வைத்துக் கொடுத்தார்கள். அவள் பேரில் பாடும் ஒப்பாரியும் இருக்கிறது. யானையோடு நிறுத்துவதா, வெற்றிலைத் தட்டத்தையும் வரைவதா?

மாங்குளம்_சந்தி:
தட்டத்தை ஒரு மூலையில் சின்னதாக வையுங்கள். கதை தெரிந்த கிழவிகள் அதைக் கண்டுபிடித்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

சித்திர_ரீச்சர்:
இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். எல்லாரும் எந்தக் கதை என்று அடிபடுகிறீர்கள். யாரிடம் கேட்டு வரைவது என்று மருமகள் மட்டும்தான் தொட்டிருக்கிறா. நான் வேலை செய்த ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நிறுவனம் வந்தது. ஆள் கொழும்பிலிருந்து, படம் கணினியில் ஏற்கனவே தயார். பச்சை மலை, வெள்ளைக் கொக்கு, கைகோத்த பிள்ளைகள், மூலையில் அவர்களுடைய சின்னம். எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை, கோட்டுக்குள் நிறம் நிரப்புவது. மலையே இல்லாத ஊரில் மலை! படம் திறந்துவைத்துப் போட்டோ எடுத்துப் போனார்கள். பிறகு அந்தச் சுவரை ஒருவரும் நின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்த முறை நாங்களே செய்தோம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் வயதான ஒருவரிடம் ஒரு கதை கேட்டுவர வேண்டும். எழுதுவதற்கு முன்னால் கீறிக் காட்ட வேண்டும். வந்தவை என்ன தெரியுமா? பண்டாரவன்னியன் ஓரிரண்டு. மிச்சம் எல்லாம் பாலைப்பழம் பொறுக்கப் போய்க் கரடியைக் கண்டது, குளம் வான் பாய்ந்தபோது மீன் அள்ளியது, முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கியது, பன்றிக் காவலுக்குப் பரணில் இருந்து பாட்டுப் படித்தது. ஒரு அப்பு பேரனுக்குக் குருவிப் பள்ளு, பண்டிப் பள்ளு என்று வயலில் படித்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார். அவன் ஒரு ஒற்றை முழுக்கக் குருவிகளாகக் கீறிக்கொண்டு வந்தான்.

மாடுகளைப் பிணைத்து நெற்கதிரை மிதிக்கவிடுகிற சூடு மிதிப்பை வரைந்தபோதுதான் பெரிய கூத்து. பிள்ளை ஒன்று பிணையல் மாடுகளை எல்லாம் ஒரே அளவாக, ஒரே வேகத்தில் ஓடுவதுபோல் சோக்கால் சுவரில் கீறியிருந்தது. வழியில் போன பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கி வந்தார். "உள்ளுக்கு நிக்கிறது கிழட்டு மாடெல்லோ. அது நின்ட இடத்தில திரும்பும். இளசுகள்தான் வெளியால ஓடோணும்" என்றார். சோக்கை வாங்கி அவரே உள்மாட்டின் முதுகை வளைத்தார், தலையைத் தாழ்த்தினார். கை நடுங்கினாலும் கோடு சரியாக விழுந்தது. அடுத்த நாள் வேறு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் வைக்கோல் வாரியின் பிடி நீளம் காணாது என்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் இப்போதும் ஆள் நிற்கிறது.

ஆகவே பெயின்ற் வாங்க முதல், சோக்கால் கீறிவிட்டு ஒரு கிழமை அப்படியே விடுங்கள். சனம் வந்து திருத்தும். சுவரில் நூல் அடித்து ஓரடிக் கட்டம் போடுங்கள், ஒற்றையில் அங்குலக் கட்டம். போர்ட் தம்பிக்கு அளவெடுத்துப் பெருப்பிக்கத் தெரிந்திருக்கும், அதை அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

பெயின்ற்_வேலை:
ரீச்சர் சொன்ன கட்டத்துக்கு ஒரு எச்சரிக்கை. நீல மாவு நூல் அடிக்காதீர்கள், வெள்ளை எமல்சனில் ஊறித் தெரியும். வெறும் சோக்குத் தூள் போதும்.

தர்மபுரம்_றோட்டு:
எனக்கு ஒரு கேள்வி. வன்னிக் கதை என்கிறீர்கள். எங்கள் தாத்தா மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு பிள்ளை குட்டிகளோடு இங்கே வந்தவர். காடு வெட்டிக் கிணறு தோண்டிய ஆட்கள் நாங்கள். மாசியில் எங்கள் ஆட்கள் காமன் கூத்து ஆடுவார்கள். ரதி அழுவாள், காமனை எரிப்பார்கள். அது உங்கள் சுவரில் வருமா?

சாமியார்_மடம்:
காமன் கூத்து மலையகத்துக் கூத்து. வன்னிக் கூத்து என்றால் கோவலன் கூத்து, மகிடி. கலந்தால் குழப்பம்தான்.

தர்மபுரம்_றோட்டு:
கண்ணகியே மதுரையிலிருந்து வந்தவதானே ஐயா?

முள்ளியவளை_மருமகள்:
இதற்கு மேல் பதில் சொல்ல ஒன்றுமில்லை. வரும், தம்பி, வரவேண்டும்.

நீராவிப்பிட்டி:
தர்மபுரம் நண்பர் கேட்டபடியால் நானும் எழுதுகிறேன். நாங்கள் முல்லைத்தீவு முஸ்லிம்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, நான் வளர்ந்தது புத்தளத்தில். திரும்பி வந்தபோது ஊரில் எங்களைத் தெரிந்த கிழவர்கள் சிலர்தான். பள்ளிவாசலை வரையுங்கள் என்று கேட்கவில்லை. வாப்பாவோடு சேர்ந்து வயல் செய்தவர்கள் உங்கள் பக்கத்திலும் இருந்தார்கள். சூடு மிதிக்கிற களத்தில் தொப்பி போட்ட ஒருவரும் நின்றால் போதும், அவர் அங்கே நின்றவர்தான்.

குளக்கட்டான்:
நீராவிப்பிட்டி நண்பருக்கு: எங்கள் கமக்காரர் தலைவரிடம் வாசித்துக் காட்டினேன். "நிண்டவைதான், அதிலென்ன" என்றார். களத்தில் நிற்பார்.

நந்திக்கடல்_காற்று:
எல்லாம் சரி. 2009 போரை ஒரு மூலையிலாவது வரையாமல் வன்னிக் கதை என்று சொல்லப்போகிறீர்களா? யானை, கிழவி, குருவி... எல்லாம் அழகு. பார்க்கிறவன் இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்பான்.

மிலானோ_தம்பி:
நான் இத்தாலியில் இருக்கிறேன். இங்கே சார்டினியாத் தீவில் ஒர்கோசோலோ என்று மலைக்கிராமம் ஒன்று இருக்கிறது, ஊர்ச் சுவர் முழுக்க ஓவியம். 1969இல்தான் தொடங்கியது. அதே வருடம் அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தை இராணுவம் சுட்டுப் பழகும் இடமாக்கப் பார்த்தது. ஊரே போய் அந்த நிலத்தில் குந்தியிருந்தது. 1975இல் பிரான்செஸ்கோ டெல் காசினோ என்ற பள்ளிக்கூட ஆசிரியர் மாணவர்களோடு சேர்ந்து வரையத் தொடங்கினார். ஆடு மேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள், கிழவிகளும் இருக்கிறார்கள், காணிப் போராட்டமும் இருக்கிறது, எல்லாம் ஒரே தெருவில். இதை வாசித்தால் முல்லைத்தீவுக் கேப்பாப்புலவு ஆட்கள் 2017இல் இராணுவம் பிடித்து வைத்திருந்த தங்கள் காணிக்காக ரோட்டோரம் இருந்ததுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

சாமியார்_மடம்:
இத்தாலியில் வரைந்தவனை விசாரிக்க யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள், தம்பி. இங்கே பிள்ளைகள் வரைகிறார்கள்.

நந்திக்கடல்_காற்று:
துவக்கை வரையச் சொல்லவில்லை. ஒரு கஞ்சிப் பானை. போரின் கடைசி நாட்களில் சனம் குடித்ததை நினைத்து வைகாசியில் எல்லா ஊரிலும் காய்ச்சுகிற அதே கஞ்சி.

சித்திர_ரீச்சர்:
இதை வெளியில் இருந்து நாங்கள் யாரும் தீர்க்கக் கூடாது. காணாமல்போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற தாய் ஒருத்தி தினமும் அந்தச் சுவரைக் கடந்து சந்தைக்குப் போகவேண்டும். சிலர் வேண்டும் என்பார்கள். சிலர் பார்க்கமாட்டாமல் அடுத்த ரோட்டால் சுற்றிப் போவார்கள். அந்த ஊர்த் தாய்மாரைக் கேட்டுச் செய்யுங்கள்.

லண்டன்_வன்னியன்:
ரீச்சர் சொல்வது சரி. ஆனால் எங்கள் மன்னனுக்கு இடம் உண்டா இல்லையா? காசு தருகிறவர் என்னுடைய சிநேகிதர், அதையும் சொல்லி வைக்கிறேன் :)

பெயின்ற்_வேலை:
காசு தந்தவர் பெயரையும் கீழே போடச் சொல்வீர்களா? கீழ் இரண்டடி கிரவல் நிறம், ஞாபகம் இருக்கட்டும்.

குளக்கட்டான்:
கூட்டம் திரும்பவும் போட்டோம். இந்த இழையை அச்சடித்துக் கொண்டுபோய் ரீச்சரின் பதிவையும் மருமகளின் பதிவையும் வாசித்தேன். முடிவுகளைச் சொல்கிறேன்.

மழை ஓயும்வரை பிள்ளைகள் வீடு வீடாகக் கதை கேட்பார்கள். ஏற்கனவே வரத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர்க் குளக்கட்டில் ஐயனாருக்கு வைத்த மண்குதிரை இரவில் கட்டைச் சுற்றி ஓடி உடைப்பைப் பார்க்குமாம், இரண்டு வீட்டில் சொன்னார்கள். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன், எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. விளையாட்டுக் கழகப் பெடியள் அந்தக் குதிரையைப் பிடித்துக்கொண்டார்கள். வாளில்லாத குதிரைக்கு இவ்வளவு ஆதரவு வரும் என்று நினைக்கவில்லை.

ரோட்டுச் சுவரில் தெற்குப் பக்கத்திலிருந்து பேன் பார்க்கிற ஆச்சி, அரியாத்தையின் யானை, சூடு மிதிப்பு, குளக்கட்டுக் குதிரை. யானைக்கு 15 அடி கொடுக்கவில்லை, 10 அடி. நெல்லை மிதிக்கக்கூடாது என்று கமக்காரர் அமைப்பு நிபந்தனை போட்டதால் யானைக்கும் களத்துக்கும் நடுவில் ஒரு பாலை மரம் நிற்கும். எங்கள் ஊரிலும் மலையகத்திலிருந்து வந்த ஏழெட்டுக் குடும்பம் இருக்கிறது. காமன் கூத்தை அவர்களே வந்து வரைவதாகச் சொன்னார்கள், களத்துக்கு அடுத்த இடம். பண்டாரவன்னியனுக்கு விளையாட்டு மைதானம் பார்த்த பக்கச் சுவர். நிற்கிற படம், காக்கை வன்னியன் இல்லை. லண்டன் அண்ணைக்குச் சம்மதமா தெரியாது, பெடியளுக்குச் சம்மதம்.

கஞ்சிப் பானை பற்றிக் கூட்டத்தில் பேச எடுத்தபோது கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. மாதர் சங்கத் தலைவி, தாங்கள் தனியாக இருந்து கதைத்துச் சொல்வதாகச் சொன்னா. அதற்காக வாசல் பக்கம் நாலடி வெறுமையாக விட்டு வைக்கிறோம். அவர்கள் வேண்டாம் என்றால் அது வெறுமையாகவே இருக்கும்.

போஸ்டர் ஒட்டுகிறவர்களுக்கு வாசலுக்கு எதிரே தனிப் பலகை ஒன்று அடிக்கிறோம். மரண அறிவித்தலை நிறுத்த முடியாது, ஊரில் ஆள் செத்தால் எங்கே பார்ப்பது?

லண்டன்_வன்னியன்:
பக்கச் சுவர் என்ன அளவு?

குளக்கட்டான்:
18க்கு 8. தனிச் சுவர், முழுக்க அவருக்கு.

லண்டன்_வன்னியன்:
சரி, சம்மதம். சிநேகிதரிடம் சொல்கிறேன்.

பெயின்ற்_வேலை:
பக்கச் சுவர் எந்தத் திசை? அதையும் சேர்த்தால் இன்னும் 144 சதுர அடி. அடிநிறம் 10 லீற்றராக எடுங்கள், பிறைமர் 5. கூரைத் தண்ணீர் சுவரில் வழிகிறதா என்று இந்த மழையிலேயே போய்ப் பாருங்கள். வழிந்தால் முதல் செலவு பீலிக்கு, பிறகுதான் பெயின்ற். சாரத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? பிள்ளைகள் ஏறுவதென்றால் ஏணி சரிவராது.

குளக்கட்டான்:
வடக்குப் பார்த்தது, வெயில் குறைவு. தண்ணீர் வழிகிறது, இன்றைக்குத்தான் குடையோடு போய்ப் பார்த்தேன். பீலிக்கு விலை கேட்கச் சொல்லியிருக்கிறேன். சாரத்துக்குக் கமுகு கிடைக்காது, காட்டுத்தடி எடுத்துக் கட்டலாம் என்று இருக்கிறோம்.

பெயின்ற்_வேலை:
காட்டுத்தடி வேண்டாம். இரும்புச் சாரம் இரண்டு தட்டு என்னிடம் சும்மா கிடக்கிறது. மாசியில் மாங்குளம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. முடித்துவிட்டு லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மெசின்) ஏற்றி அனுப்புகிறேன், எண்ணெய்க் காசு மட்டும் கொடுங்கள்.